பணிவான மனிதரால் நாட்டை நடத்த முடியுமா? சாஸ்திரியை வைத்து என் பதில்

கேள்வி இது: "பணிவும் சேவை மனமும் உள்ளவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டுக்கே தலைவராக இருந்து மக்களை எழுப்பிவிட முடியுமா? பலவீனமானவர் என்று ஒதுக்கிவிட மாட்டார்களா?"

முடியும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் லால் பகதூர் சாஸ்திரி. காமராஜரைத்தான் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள், அவரைப் பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்தக் காமராஜரே, நேரு இறந்த பிறகு 1964இல் கட்சித் தலைவராக எல்லோரையும் கேட்டுப் பார்த்து, மொரார்ஜி தேசாயும் அந்தப் பதவியைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இவரைத்தான் பிரதமராகக் கொண்டுவந்தார்.

சாஸ்திரி பெயரை நான் பள்ளிப் பாடத்தில் படிப்பதற்கு முன்பே தாத்தா வாயால் கேட்டுவிட்டேன். எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம். மருதையாற்று ரயில் பாலம் என்று பேச்செடுத்தாலே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறிவிடும். 1956 நவம்பர் 23, விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் அந்தப் பாலத்தில் கவிழ்ந்தது. நல்ல மழைக்காலம், ஆற்றில் வெள்ளம், பாலத்தை அரித்துவிட்டிருந்தது, எஞ்சினும் பெட்டிகளும் அப்படியே ஆற்றுக்குள் போய்விட்டன. 140 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தாத்தாவுக்கு அப்போது இருபது வயது. "ஆத்துத் தண்ணிய ரொம்ப நாளைக்கு எங்க ஊர்ல யாரும் வாயில வைக்கல" என்பார், அதற்கு மேல் அந்தக் கதையை நீட்ட மாட்டார்.

அப்போது ரயில்வே அமைச்சர் சாஸ்திரி. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் பக்கத்தில் இதே மாதிரி பாலம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அப்போதே ராஜினாமா கொடுத்தார், நேரு வேண்டாமென்று சொல்லிவிட்டார். அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார், இந்த முறை பிடிவாதமாக. நேரு அதை நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது சாஸ்திரியை மனதாரப் புகழ்ந்தார். விபத்துக்கு இவர் காரணம் என்று நினைத்து இதை ஏற்கவில்லை, பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் ஏற்கிறேன் என்ற பொருளில் பேசினார்.

இதை வாசித்துவிட்டு "அதனால் என்ன, பாலமா கட்டிவிட்டார்?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டவில்லைதான். தாத்தா காங்கிரஸ்காரரும் இல்லை, கடைசிவரை கறுப்பு சிவப்புதான், 1957 தேர்தலில் இந்த விபத்தைச் சொல்லியே காங்கிரசுக்கு எதிராகத் தெருத்தெருவாகக் கோஷம் போட்டவர். அப்படிப்பட்டவரே சாஸ்திரி என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "எங்க ஊரு எங்க இருக்குன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா செத்தது தன் வீட்டு ஆளுங்க மாதிரி நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு பாரு." ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒருவர், எதிர்க்கட்சிக்காரரான ஒரு கிராமத்து இளைஞனின் மனதில் அறுபது வருஷம் உட்கார்ந்திருக்கிறார். மக்களை எழுப்புவது என்று நீங்கள் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அது இதுதான்.

சாஸ்திரி என்றதும் நம்மூரில் அதை ஜாதிப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம். அது காசி வித்யாபீடத்தில் 1925இல் படித்து வாங்கிய பட்டம். ஸ்ரீவாஸ்தவா என்ற குடும்பப் பெயரை, ஜாதியைக் காட்டுகிறது என்று அதற்கு முன்பே விட்டுவிட்டார். ஒன்றரை வயதில் அப்பாவை இழந்து, முகல்சராயில் அம்மா வழித் தாத்தா வீட்டில் வளர்ந்த பிள்ளை. படித்து முடித்ததும் லாலா லஜபதி ராய் தொடங்கிய மக்கள் ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, முசாபர்நகர்ப் பக்கம் தாழ்த்தப்பட்ட மக்களிடையே வேலை செய்தார். ஊழியம்தான் அவருக்கு முதல் உத்தியோகம், மந்திரி பதவியெல்லாம் அப்புறம் வந்தது. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். பதவிக்கு வந்த பிறகு சேவையைக் கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம்.

அவருடைய எளிமையைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதைகளை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். பிரதமராக இருந்தபோது ஃபியட் கார் வாங்கப் பணம் போதாமல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார், அவர் இறந்த பிறகு மனைவி லலிதா அம்மையார் அதைத் தன் பென்ஷனில் இருந்து அடைத்தார், கார் இன்றும் டில்லி நினைவகத்தில் நிற்கிறது. நல்ல கதை, நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் எளிமையாக வாழ்ந்துகொண்டே யார் சொல்வதையும் காதில் வாங்காத தலைவர்களும் இருந்திருக்கிறார்கள். கதர் வேட்டியை வைத்துப் பணிவை அளக்க முடியாது. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் போய் உட்கார்ந்து கேட்கிறாரா என்றுதான் நான் பார்ப்பேன்.

அதற்கு ஆனந்த் கதையைச் சொல்ல வேண்டும். இது எங்கள் வீட்டுத் தொழுவம் வரைக்கும் வருகிற கதை.

1964 அக்டோபர் 31. குஜராத்தில் ஆனந்துக்குப் பக்கத்தில் கஞ்சரி என்ற ஊரில், கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் மாட்டுத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்து வைக்கப் பிரதமர் வர வேண்டும். ரிப்பன் வெட்டிவிட்டுப் போகிற வேலை. சாஸ்திரி என்ன கேட்டார் தெரியுமா, அந்தப் பயணத்தில் ஒரு ராத்திரி கிராமத்தில் ஒரு சின்ன விவசாயி வீட்டில் தங்க வேண்டும் என்றார். அமுலை நடத்திக்கொண்டிருந்த வர்கீஸ் குரியன் (நம் கிண்டியில் எஞ்சினியரிங் படித்தவர்) பாதுகாப்பை நினைத்துப் பதறிப்போய், கடைசியில் ரகசியமாக ஏற்பாடு செய்தார். வரப்போவது பிரதமர் என்று அந்த வீட்டுக்காரருக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. சாஸ்திரி அந்த வீட்டில் சாப்பிட்டார், ஊருக்குள் நடந்தார், பெண்களிடம் பேசினார், தலித் குடும்பங்களிடமும் முஸ்லிம் குடும்பங்களிடமும் போய் உட்கார்ந்து பேசினார், மாடு எத்தனை, பால் எவ்வளவு, காசு எப்போது கைக்கு வருகிறது என்று நடுராத்திரி தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தார். குரியன் இதையெல்லாம் பின்னாளில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

பிறகு குரியனிடம் அவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்த இடம். மண் ஒன்றும் விசேஷமாக இல்லை, மழையும் அதிகமில்லை, எருமைகளும் மற்ற இடங்களைவிட உசத்தி என்று தோன்றவில்லை, அரசாங்கம் நடத்துகிற பால் பண்ணைகள் எல்லாம் தடுமாறும்போது இது மட்டும் எப்படி ஓடுகிறது, எனக்குப் புரியவில்லை, சொல்லுங்கள் என்றார். நாட்டின் பிரதமர் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்கிறார்! பண்ணை விவசாயிகளுக்கே சொந்தம், அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள், தொழில் தெரிந்தவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான் என்றார் குரியன். அப்படியானால் இந்தியா முழுக்க ஆனந்துகள் வேண்டும் என்று சாஸ்திரி கேட்டார். தலைமையகம் டில்லிக்கு வராது, ஆனந்திலேயே இருக்கும், நான் விவசாயிகளின் ஊழியனாகத்தான் இருப்பேன் என்று குரியன் நிபந்தனை போட, அதற்கும் சரி என்றார். 1965இல் தேசியப் பால்வள வாரியம் வந்தது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது சாஸ்திரி உயிரோடு இல்லை.

எங்கள் அம்மா இப்போதும் காலையில் ஐந்தரைக்குப் பால் கேனோடு ஊர்ச் சொசைட்டி வாசலில் நிற்கிறார். டிகிரி பார்த்து, ஃபேட் பார்த்து, நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். என் காலேஜ் ஃபீஸ் பாதி அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. நம்மூர் ஆவின் சங்கங்களும் அந்த ஆனந்த் மாதிரியில் வந்தவைதான். அந்த ஒரு ராத்திரியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கேன் ஞாபகம் வந்துவிடும்.

பலவீனமா என்று கேட்டீர்கள். பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் அப்படித்தான் கணக்குப் போட்டார், குள்ளமாக, மெல்லிய குரலில் பேசுகிற இந்த மனிதரால் என்ன முடியும் என்று. 1965 செப்டம்பர் 6ஆம் தேதி இந்தியப் படை சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூரை நோக்கிப் போனது, உத்தரவு இவருடையது. மறு வருஷம் ஜனவரி 10இல் தாஷ்கண்டில் சமாதான உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டு, அன்று நள்ளிரவு தாண்டி அங்கேயே இறந்துபோனார். விமானத்துக்குப் போன சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்களில் அயூப் கானும் ஒருவர்.

அந்தப் போர் வருஷம்தான் மழையும் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த காலம். திங்கள்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். ஊருக்குச் சொல்வதற்கு முன் அதைத் தன் வீட்டில் செய்து பார்த்தார், பிள்ளைகள் தாங்குகிறார்களா என்று தெரிந்துகொண்ட பிறகே வானொலியில் பேசினார் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். வீட்டுப் புல்வெளியை உழுது தானியம் போட்டார். அதோடு நிற்காமல், உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் புதுக் கோதுமை ரகங்களைக் கொண்டுவர எல்லோரிடமும் மல்லுக்கட்டியபோது அவர் பின்னால் உறுதியாக நின்றார். பட்டினி கிடக்கச் சொல்லிவிட்டு விளைச்சலுக்கு வழி பார்க்காமல் இருந்திருந்தால் இதை நான் இங்கே எழுதியிருக்கவே மாட்டேன்.

சரி, அவர் தவறே செய்யாதவரா? செய்தார், அதில் இரண்டு தவறுகள் நம்மைச் சேர்ந்தவை.

ஒன்று மொழி. 1963 ஆட்சிமொழிச் சட்டத்தை உள்துறை அமைச்சராகக் கொண்டுவந்தவர் இவரேதான். இந்தி ஆட்சிமொழியாக வரவேண்டிய நாளான 1965 ஜனவரி 26 நெருங்கியபோது தமிழ்நாட்டில் கொதித்துக்கொண்டிருந்ததை டில்லி சரியாகக் கேட்கவில்லை. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, தீக்குளித்தார்கள். சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மந்திரி பதவியை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்த பிறகு, பிப்ரவரி 11ஆம் தேதி வானொலியில் பேசினார் சாஸ்திரி. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்புகிறவரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழியைக் காப்பாற்றுவேன் என்றார். இறங்கி வந்தார், அது பெரிய விஷயம்தான். ஆனால் உயிர்கள் போன பிறகு இறங்கி வந்தார். தாத்தா இதை மன்னித்தாரா என்று கேட்டால், பாதி மன்னித்தார் என்றுதான் சொல்வேன். 56ஆம் வருஷத்து சாஸ்திரியாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்காது என்பார்.

இரண்டாவதைப் பற்றித் தாத்தாவுக்குத் தெரியாது. கோத்தகிரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த நண்பன் வழியாகத்தான் நானே தெரிந்துகொண்டேன். அவன் குடும்பம் எழுபதுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. அதற்குக் காரணம் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். 1948இல் இலங்கை குடியுரிமையைப் பறித்துவிட்ட மலையகத் தமிழர்கள் சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பல தலைமுறையாக அங்கேயே பிறந்து கொழுந்து பறித்தவர்களை அரிசி மூட்டை மாதிரிப் பங்கு போட்டார்கள். அந்த மக்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் எதிர்த்தார், பலனில்லை.

ஒப்பந்தத்தின் தேதியைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1964 அக்டோபர் 30. கஞ்சரியில் தீவனத் தொழிற்சாலையைத் திறந்தது மறுநாள்! ஒரு கிராமத்தில் எருமை எத்தனை படி கறக்கிறது என்று விடிய விடிய விசாரித்த அதே மனிதர், அதே வாரத்தில், ஐந்து லட்சம் பேரின் வாழ்க்கையை அவர்களில் ஒருவரையும் விசாரிக்காமல் கையெழுத்தால் முடித்துவிட்டார். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நான் அவரை உண்மையிலேயே நேசிக்கிறேன். அவர் ஜெயித்த இடமெல்லாம் போய்க் கேட்ட இடம், தோற்ற இடம் போகாத இடம். நல்ல மனசு அவருக்கு எப்போதும்தான் இருந்தது. அது தானாக வேலை செய்யவில்லை, ஒவ்வொரு முறையும் நடந்து போக வேண்டியிருந்தது.

போன பொங்கலுக்கு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். அவர்களிடம் இந்த ஆனந்த் கதையை முழுசாகச் சொன்னேன், அந்த விவசாயி வீடு, சாப்பாடு, நடுராத்திரிப் பேச்சு எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்கள்:

"நல்ல மனுசன்தான் தம்பி. அப்படி ஒரு ராத்திரி எங்க லயத்துலயும் வந்து படுத்திருக்கலாம்."