விசிட் விசாவில் போய் ஜெர்மனியில் வேலைக்குச் சேர முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் என் ஊர். ஐடிஐ மெஷினிஸ்ட் முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஆறு வருடமாக சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன். வயது 27. ஜெர்மனியில் வேலை வாங்கித் தர ஒரு ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா? நானே தேட வழி உண்டா?

பதில்: நம்ப வேண்டாம். விசிட் விசாவில் போனவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது. வேலை விசாவை இங்கிருந்தே விண்ணப்பித்து வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். "அங்க போய் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய், மியான்மர் எல்லையில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு.

மூன்றரை லட்சமும் சட்டப்படி கேட்கக்கூடிய தொகை அல்ல. வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீதும் தர வேண்டும். அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

சரி, நீங்களே தேடுவது எப்படி? உங்களிடம் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மெஷினிஸ்ட் இரண்டு வருடப் படிப்பு. ஜெர்மனி கேட்பது, சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டு வருடத் தொழிற்பயிற்சி. ஒரு வருட வெல்டர் டிரேடு மட்டும் படித்தவருக்கு இந்தக் கதவு திறக்காது.

2024 ஜூனில் வந்த 'சான்சன்கார்ட்டே' என்ற வேலை தேடும் விசாவுக்கு ஆறு புள்ளி வேண்டும். 35 வயதுக்குள் இருப்பதால் 2. கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவம் இருப்பதால் 3. ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற இரண்டாம் நிலைத் தேர்வில் தேறினால் 1. கணக்கு சரியாக ஆறு! ஆனால் அங்கே இருக்கும் காலத்துக்கான செலவுப் பணத்தை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும். 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ. ஒரு வருடத்துக்கு 13,000 யூரோவுக்கு மேல். உங்கள் பணம்தான், மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும். இருந்தாலும் நிலத்தை அடமானம் வைத்து இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை.

இங்கிருந்தபடியே வேலையை உறுதி செய்துகொண்டு போவதுதான் உங்களுக்கு ஏற்றது. கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம் இருந்தால் அதை வைத்தே விசா தரும் பிரிவு ஒன்று இருக்கிறது. சம்பளம் மட்டும் அவர்கள் ஆண்டுதோறும் அறிவிக்கும் வரம்பைத் தொட வேண்டும். ஜெர்மன் அரசின் 'மேக் இட் இன் ஜெர்மனி' தளத்தில் வேலைகளைத் தேடலாம். இந்தப் பிரிவுக்குச் சட்டம் மொழிச் சான்று கேட்பதில்லை. ஆனால் ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசர் ஜெர்மனில்தானே பேசுவார்? ஏஜென்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை மொழி வகுப்புக்குப் போடுங்கள். கதே இன்ஸ்டிட்யூட் சென்னையிலும் இருக்கிறது, உங்களுக்குப் பக்கமான பெங்களூரிலும் இருக்கிறது. ஆன்லைன் வகுப்பும் உண்டு.

அப்புறம், ஓசூர்க்காரர்கள் பலர் கோட்டை விடுவது அனுபவச் சான்றில்தான். காண்ட்ராக்டில் இருந்தால் கடிதம் காண்ட்ராக்டர் பெயரில் வரும், அதில் 'ஹெல்ப்பர்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். வேலை பார்த்த கம்பெனியின் பெயர், சேர்ந்த தேதி, எந்த மெஷின், அதன் கன்ட்ரோலர் ஃபானுக்கா சீமென்ஸா, புரோகிராமை நீங்களே திருத்துவீர்களா, டிராயிங் பார்த்து அளவு சரிபார்ப்பீர்களா என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கின் பணி விவரம் இரண்டையும் கூடவே எடுத்து வையுங்கள். இதையெல்லாம் வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்; விட்ட பிறகு எச்ஆர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.