பழைய ஸ்டீயரிங், புதிய கன்சோல்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என்னிடம் லாஜிடெக் ஜி27 ஸ்டீயரிங் இருக்கிறது. கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்சோலில் சொருகினால் அசைவே இல்லை. அடாப்டர் போட்டால் ஓடும் என்கிறார்களே, உண்மையா?
- வேளச்சேரி வாசகர்

பதில்: உண்மைதான். உங்கள் ஸ்டீயரிங்கில் ஒரு குறையும் இல்லை. ஜி27 பிஎஸ்3 காலத்துச் சரக்கு. 2013-ல் வந்த பிஎஸ்4, தன்னிடம் சொருகப்படும் கருவியிடம் அடையாளம் கேட்கும். சோனியின் உரிமம் பெற்ற கருவிகளில் இருக்கும் பாதுகாப்பு சிப்தான் அதற்குப் பதில் சொல்லும். 2015-ல் வந்த ஜி29-ல் அந்த சிப் உண்டு, ஜி27-ல் கிடையாது. மற்றபடி இரண்டும் ஒரே குடும்பம்: 900 டிகிரி சுழற்சி, இரட்டை மோட்டார், பல்சக்கர இயக்கம்.

அடாப்டர் இரண்டு வேலை செய்கிறது. ஜி27 அனுப்பும் தகவலை ஜி29 பேசுவது போல மாற்றிக் கன்சோலுக்குக் கொடுக்கிறது. கன்சோல் அடையாளம் கேட்கும்போது, அந்தக் கேள்வியை உரிமம் பெற்ற ஒரு கன்ட்ரோலருக்குத் தள்ளிவிட்டு அதன் பதிலை வாங்கித் தருகிறது. ஆகவே ஆடி முடிக்கும்வரை ஒரு கன்ட்ரோலர் அடாப்டரில் ஒயரோடு சொருகியே இருக்க வேண்டும். எந்த மாடல் ஒத்துவரும் என்பதை அடாப்டர் நிறுவனம் தரும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். “எட்டு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் கட்டாயிடுது” என்று பலர் புலம்புவது இந்த இடத்தில்தான். அடையாளச் சோதனை தேறாத கருவியை பிஎஸ்4 சுமார் 8 நிமிடத்தில் துண்டித்துவிடும்.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் கேமை மூடிவிட்டு, கன்ட்ரோலரை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். சார்ஜ் இறங்கிய கன்ட்ரோலர், அடாப்டர், ஸ்டீயரிங் மூன்றும் ஒரே யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் இழுத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். அடுத்து ஸ்டீயரிங்கின் 24 வோல்ட் பவர் சப்ளையைப் போடுங்கள். ஸ்டீயரிங், கன்ட்ரோலர் இரண்டையும் அடாப்டரில் சொருகிவிட்டு, கடைசியாக அடாப்டரை கன்சோலில் சொருகுங்கள். ஸ்டீயரிங் தானாக இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் சுழன்று நடுவில் வந்து நிற்க வேண்டும். அப்போது கையை வைத்துத் தடுக்காதீர்கள், பெடலையும் மிதிக்காதீர்கள். ஜி27-ல் பிஎஸ் பட்டன் இல்லாததால், கன்ட்ரோலரின் பட்டனையோ அடாப்டர் கையேட்டில் சொன்ன பட்டன் கூட்டையோ அழுத்தி உங்கள் பெயரில் உள்நுழையுங்கள். வேறு பெயரில் நுழைந்தால் ஸ்டீயரிங்கை இரண்டாவது ஆட்டக்காரராகக் கணக்கில் எடுத்துக்கொண்டு கேம் அதைக் கண்டுகொள்ளாது. இவ்வளவும் ஆன பிறகே கேமைத் திறக்க வேண்டும்.

கன்ட்ரோலர் கேபிளையும் ஒருமுறை சோதியுங்கள். போன் சார்ஜருக்கென்று வரும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. கன்ட்ரோலரில் சார்ஜ் விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் அடையாளச் சோதனை நடந்திருக்காது.

கேள்வி: ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு “கன்சோல் கன்வெர்ட்டர்” கிடைக்கிறது. அது போதுமா?
- அம்பத்தூர் வாசகர்

பதில்: போதாது. அவை பெரும்பாலும் கீபோர்டு, மவுஸுக்கானவை. ஸ்டீயரிங்கை எப்படியோ ஏற்றுக்கொண்டாலும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் (காரின் அசைவைக் கையில் உணர்த்தும் எதிர்விசை) வராது. டயர் வழுக்குவதைக் கை உணராவிட்டால் ஸ்டீயரிங் வாங்கியதே வீண். ஸ்டீயரிங்குக்கென்றே வருபவை டிரைவ் ஹப், புரூக் ராஸ்1யூஷன் (Brook Ras1ution) போன்றவை. உங்கள் மாடலின் பெயர் அவற்றின் பட்டியலில் இருக்கிறதா, அதற்கு எதிரே ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும்.

சால்டரிங் பழக்கம் இருந்தால் ரிச்சி தெருச் சாமானிலேயே ஒன்றைச் செய்யலாம். ஏடிமெகா32யு4 சிப் உள்ள ஒரு சின்ன போர்டு (ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ), சிபி2102 யுஎஸ்பி-சீரியல் போர்டு ஒன்று, மூன்று ஜம்பர் ஒயர் போதும். ஒன்றின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) காலை மற்றதன் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) காலில் குறுக்காக இணையுங்கள். கிரவுண்டை கிரவுண்டோடு சேருங்கள். 5 வோல்ட் காலை மட்டும் சேர்க்கவே கூடாது. ஏடிமெகா போர்டு கன்சோலிலும் சிபி2102 போர்டு கம்ப்யூட்டரிலும் சொருகப்படுவதால் இரண்டுக்கும் தனித்தனியே மின்சாரம் வருகிறது, இரண்டையும் கலந்தால் கன்சோலின் யுஎஸ்பி துளைக்கே ஆபத்து. ஜிமெக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஜி29-க்கான ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை) ஏடிமெகா போர்டில் ஏற்ற வேண்டும். ஸ்டீயரிங்கும் அடையாளம் சொல்லும் கன்ட்ரோலரும் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும். ஆடும் நேரமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. ஒயரிங் சரி என்று தோன்றியும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் நேர்க்கோட்டில் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ல் ஜி29 ஓடுமா? அடாப்டர் போட்டால் தடை வருமா?
- மயிலாப்பூர் வாசகர்

பதில்: நேராகச் சொருகினால் ஓடாது. ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கம்ப்யூட்டருக்கும் உரியது, எக்ஸ்பாக்ஸுக்கு உரியது ஜி920. மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரிலிருந்து அனுமதியில்லாத துணைக்கருவிகளைச் சிஸ்டம் அப்டேட் மூலம் தடுக்கத் தொடங்கியது. சோனியும் 2024-ல் வந்த ஒரு பிஎஸ்5 அப்டேட்டில் குரோனஸ் ஜென் (ஆட்டத்தில் மோசடிக்கு உதவும் ஒரு அடாப்டர்) போன்ற கருவியை முடக்கியது. ஆகவே அடாப்டர் வைத்திருப்பவர் கன்சோலை அப்டேட் செய்யும் முன் தன் அடாப்டரின் ஃபர்ம்வேர் புதிதாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இந்த நிச்சயமின்மையால்தான் சொல்கிறேன்: கையில் ஏற்கெனவே ஸ்டீயரிங் இருப்பவருக்கு அடாப்டர் லாபம். இனிமேல்தான் ஸ்டீயரிங் வாங்கப்போகிறவர் கன்சோலுக்கு உரியதையே வாங்கட்டும்.

கேள்வி: அடாப்டர் வழியாக ஜி27 ஓடுகிறது. ஆனால் ரெண்டு ரேஸ் ஆனதும் நேராகப் பிடித்தாலும் கார் ஒரு பக்கம் இழுக்கிறது. பிரேக்கும் தானாக நடுங்குகிறது. அடாப்டர் கோளாறா?
- தாம்பரம் வாசகர்

பதில்: அடாப்டர் மீது பழி போட வேண்டாம். ஜி25, ஜி27 மோட்டார் தண்டில் விளிம்பெல்லாம் நுண்ணிய துளைகள் உள்ள ஒரு சிறு பிளாஸ்டிக் வட்டு இருக்கும். சுழற்சியை எண்ணுவது அதுதான். வருஷங்கள் போனால் நடுத் துவாரத்தருகே மயிரிழை விரிசல் விட்டு, மோட்டார் வேகமாகத் திரும்பும்போது தண்டில் நழுவும். உடனே நடுப்புள்ளி தள்ளிப்போகும். உறுதிசெய்ய, ஸ்டீயரிங்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, அது தானாகச் சுழன்று நின்றதும் உச்சியில் ஒரு டேப் ஒட்டுங்கள். இரு கோடிக்கும் பலமுறை வெடுக்கென்று திருப்பிவிட்டு டேப்பை நேராக்கிப் பாருங்கள். திரையில் நடு விலகியிருந்தால் வட்டுதான் காரணம். மாற்று வட்டு ஆன்லைனில் கிடைக்கும். பழையதன் துளைகளை எண்ணி அதே எண்ணிக்கையில் வாங்குங்கள். அதுவரை விரிசலில் ஒரே ஒரு துளி சூப்பர் க்ளூ தாங்கும். துளைகளில் பட்டால் சென்சார் எண்ணத் தவறும்.

பிரேக் நடுக்கம், பெடலுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் (பெடல் எவ்வளவு மிதிபட்டது என்று அளக்கும் பாகம்) சேர்ந்த தூசியும் நம்மூர் ஈரப்பதமும் செய்யும் வேலை. பெடலின் மேல்மூடியைக் கழற்றி, அதன் இடுக்கில் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பெடலை முழு நீளத்துக்கு மெதுவாகப் பலமுறை மிதித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். தையல் மிஷின் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். அவை பிசுபிசுப்பாக நின்று தூசியை இன்னும் இழுக்கும்.