கிளாம்ப் மீட்டர் ஏன் பூஜ்யம் காட்டுகிறது?

கேள்வி: புது கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) ஃபிரிட்ஜ் வயரில் மாட்டினால் 0 தான் வருகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. வயருக்குள் ஃபேஸில் போகும் கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருவதால், இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும், மீட்டருக்கு மிச்சம் எதுவும் கிடைக்காது. ஃபேஸ் வயரை மட்டும் கவ்வ வேண்டும். அதற்காக ஃபிரிட்ஜ் வயரைக் கிழித்துவிடாதீர்கள்! எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்று வயரும் தனித்தனியாகத் தெரிகிற சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்று செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், வந்த ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கி வாட்ஸ் என்று எழுதி வைக்காதீர்கள், மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு வேலைக்கு ஆகிறது என்ற கணக்கு) உண்டு, உண்மையான வாட்ஸ் அதைவிடக் குறைவுதான். வாட்ஸ்தான் வேண்டுமென்றால் மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு ஈ.பி. மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அதில் யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்று போட்டிருந்து, நிமிடத்துக்கு 8 முறை மின்னினால், 8 × 60 ÷ 3200 = 0.15 கிலோவாட், அதாவது 150 வாட்ஸ்.