முடிவைப் போட்டு உடைத்த அண்ணனும் கோபித்துக்கொண்ட ஆச்சியும்

கேள்வி: எனக்குத் தேவகோட்டை. சிங்கப்பூர், பினாங்கு, சென்னை என்று பிரிந்திருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, வாரம் பத்து அத்தியாயமாக ஒரு துப்பறியும் நாவல் படித்தோம். பாதியிலேயே அண்ணன் ஒருவர் கொலையாளி யாரென்று எழுதிவிட்டார். கேட்டால், 'கதைதானே' என்கிறார். முடித்தபின், 'கொலை செய்தவன்மேல் இரக்கம் வருகிறது' என்று எழுதினேன். 'உனக்குக் கொலை தப்பாத் தெரியலையா?' என்று பெரிய ஆச்சி கேட்டுவிட்டார்கள். இப்போது குழுவில் யாரும் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒரு கதையை முதல்முறை படிக்கும் வாய்ப்பு ஒரு தடவைதான் கிடைக்கும். அண்ணன் கையில் அது உடைந்துவிட்டது. உங்கள் வருத்தம் நியாயமானது.

'முடிவு தெரிந்தால் என்ன?' என்பதற்கு நம் பக்கத்தில் ஒரு வாதம் தயாராக இருக்கும். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். வாலி அம்பு பட்டு விழப்போகிறான் என்று தெரிந்தேதான் அன்றிலிருந்து விழாப் பந்தலில் போய் உட்காருகிறோம். உண்மைதான். ஆனால் அங்கே எல்லோருக்கும் கதை தெரியும். விழுந்து கிடக்கும் வாலி ராமனிடம் என்ன கேட்கிறான் என்பதைக் கேட்கத்தான் போகிறோம். துப்பறியும் நாவலிலோ, யார்மேல் சந்தேகப்படுவது என்ற தவிப்புதான் சரக்கே.

அண்ணன் ஆய்வைக் காட்டினாலும் காட்டுவார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 12 சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைக் கூடுதலாக ரசித்தார்கள் என்றது. 2015-இல் வந்த வேறொரு ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. எது சரியென்றாலும், தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது படிப்பவர் எடுக்க வேண்டிய முடிவு.

புத்தகம் பழசு என்பதும் சாக்காகாது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. 2022-இல் படம் வந்தபோது எத்தனையோ பேர் முதல் பாகத்தை அப்போதுதான் கையில் எடுத்தார்கள். அதில் வரும் ஒரு மரணம் சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிறது. வரலாற்று வகுப்பில் அதைத் தாராளமாகப் பேசலாம். முதல் பாகத்தில் இருப்பவரிடம் வேண்டாம். யாருடைய மரணம் என்று நானும் இங்கே எழுதவில்லை.

அடுத்த நாவலுக்கு முன் ஒரு பழக்கம் வையுங்கள். செய்தியின் முதல் வரியில் நாவலின் பெயரும் 'அத்தியாயம் 30 வரை' என்ற குறிப்பும் மட்டும் இருக்கட்டும். பிறகு நாலைந்து வரி இடம் விட்டு எழுதுங்கள். பூட்டிய போனின் திரையில் தெரிவது முதல் சில வரிகள்தான். கொலையாளியின் பெயர் அங்கேயே வந்துவிட்டால் பிறகு அழித்துப் பயனில்லை. டெலிகிராமில் எழுத்தை மறைத்தே அனுப்பலாம், தொட்டால்தான் தெரியும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: 'அந்த ஆளை ரொம்ப நம்பாதீங்க', 'கடைசியில பாருங்க, ஆடிப்போவீங்க' என்பவையும் உடைப்பதுதான். பெயர் வராவிட்டாலும், படிப்பவர் அந்த நிமிடத்திலிருந்து வேறு மாதிரி படிக்க ஆரம்பித்துவிடுவார்.

அண்ணனிடம் குழுவில் வைத்துக் கேட்காதீர்கள். தனியாக, 'அண்ணே, நான் அப்ப இருபதாவது அத்தியாயத்துலதான் இருந்தேன். அடுத்த தடவை எதுவரை பேசுறீங்கன்னு மேல போட்டுருங்க' என்று சொன்னால் போதும். முடித்த சந்தோஷம் தாங்காமல் எழுதியிருப்பார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

ஆச்சி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டிமன்றத்தில் வாலி பக்கம் நின்று ஒருவர் வெளுத்து வாங்கினால், அவரை ராமனுக்கு ஆகாதவர் என்று யாரும் சொல்வதில்லை. மேடையும் நடுவரும் கண்முன் இருப்பதால் அது புரிகிறது. போனில் குரலும் இல்லை, முகமும் இல்லை. வெறும் ஒற்றை வரி. இரக்கப்படுவதும் சரியென்று சொல்வதும் வேறுவேறு என்பது அந்த வரியில் தெரியாது. அதனால் ஒருவர் எழுதியது உறுத்தினால், அதற்கு இருக்கக்கூடிய நல்ல பொருளை முதலில் எடுத்து, 'இப்படித்தானே சொல்ல வந்தீங்க?' என்று கேட்டுவிட்டு மறுப்பதே முறை. ஆச்சிக்கு நீங்களும் அதைச் செய்ய வேண்டும். குழுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால், அவர்களை நினைத்துக்கூட ஆச்சி கேட்டிருக்கலாம்.

இதை எழுதித் தீர்க்க முடியாது. ஆச்சிக்குப் போன் போடுங்கள். 'அவன் செஞ்சது தப்புதான் ஆச்சி' என்று தொடங்கி, எந்தப் பக்கத்தில் உங்கள் மனம் இளகியதோ அதை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு, அந்த இடம் அவர்களுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.