திங்கட்கிழமை டயட்டும் மிஞ்சிப்போன தோசையும்

கேள்வி: எனக்கு 41 வயது, 74 கிலோ. திங்கட்கிழமை தோறும் டயட் ஆரம்பிப்பேன், புதன் வரை ஒழுங்காகப் போகும். வியாழக்கிழமை ஆபீஸில் யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டுவார்கள், அதோடு சரி. எனக்கு மன உறுதியே கிடையாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மன உறுதி இல்லாதவர் வாராவாரம் திரும்ப ஆரம்பிப்பாரா? கேக்கை விடுங்கள், ஒரு துண்டு 300 கலோரி இருந்தாலே அதிகம். அதைத் தின்றதும் ‘இன்றைக்குத்தான் கெட்டுப்போச்சே, இனி திங்கட்கிழமை பார்த்துக்கலாம்’ என்று மனசுக்குள் ஒரு நினைப்பு வருகிறதே, அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா, வெள்ளி, சனி, ஞாயிறு என்று மொத்தமும் அதன் கணக்கில் போய்விடும். கேக் சாப்பிட்டீர்களா, சரி, அடுத்த வேளை வழக்கம்போல் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து ஈடுகட்டவும் வேண்டாம், அது ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவில்தான் கொண்டுபோய் விடும்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பிள்ளைகள் தட்டில் விட்டுப்போன அரை தோசை, சட்டியில் ஒட்டியிருக்கிற பொரியல், இதையெல்லாம் ‘வீணாகுதே’ என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வதுண்டா? நான் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தேன். உட்கார்ந்து சாப்பிட்ட மூணு இட்லி ஞாபகம் இருக்கும், அடுப்பங்கரையில் நின்று தின்றது எதுவும் ஞாபகம் இருக்காது. இப்போது ‘உனக்கு எத்தனை?’ என்று கேட்டுவிட்டுத்தான் தோசைக்கல்லையே அடுப்பில் ஏற்றுகிறேன். மிஞ்சிய மாவு ஃப்ரிட்ஜுக்குப் போகிறது, என் வயிற்றுக்குப் போவதில்லை.

டீயையும் ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 40 கிராம், 160 கலோரி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தாமல் இந்த மாதம் ஒன்றரை, அடுத்த மாதம் ஒன்று என்று இறக்குங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். லண்டனில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 66 நாள் பிடித்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் வியாழக்கிழமையை இங்கே பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கரையாது. தேனும் பெரும்பாலும் சர்க்கரைதான். வெந்நீர் பிடித்தால் வெந்நீரை மட்டும் குடியுங்கள், செலவும் மிச்சம்.