ஈரல் ஏன் பதறுவதில்லை: கேள்வி பதில்

கல்லீரலுக்குள் இருக்கும் நோயெதிர்ப்பு செல்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாம்பன் முதல் தொண்டி வரை கேள்விகள் வந்துவிட்டன. நான் மண்டபத்துக்காரன். பரிசோதனைக் கூடத்தில் வேலை. மருந்து எழுதும் டாக்டர் இல்லை. அதனால் "எனக்கு எந்த மாத்திரை" வகைக் கேள்விகளைத் தொடவில்லை.

"அண்ணே, சாப்பாட்டோட எவ்வளவோ கிருமி உள்ள போகுது. அப்போ ஈரல் தினமும் வீங்கணுமே?" (தங்கச்சிமடம்)

வேறு உறுப்பாக இருந்தால் வீங்கித்தான் இருக்கும், தம்பி. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. மதியம் தின்ற நெத்திலிக் குழம்பின் சத்தோடு, குடலில் செத்த பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்குகளும் அதில் மிதந்து வரும். அதே துணுக்கு மீன்முள் குத்திய விரலுக்குள் போனால் விரல் சிவந்து விண்ணென்று தெறிக்கும்.

ஈரலின் நுண்குழாய்களுக்குள் குப்ஃபர் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. உடல் திசுக்களில் நிலையாகக் குடியிருக்கும் விழுங்கு செல்களில் 80 சதவீதத்துக்கு மேல் இங்கேதான். வருவதைப் பிடித்து விழுங்கும், ஆனால் ஊரைக் கூட்டாது. ஐஎல்-10 போன்ற அமைதிப்படுத்தும் புரதங்களைச் சுரந்து பக்கத்துச் செல்களையும் அடக்கி வைக்கும். மீன் ஏலம் போடும் இடத்திலேயே வளர்ந்தவனுக்குக் கவிச்சி உறைக்காது, இல்லையா? அந்த மாதிரிப் பழக்கம்தான்.

ஒரு கொசுறு. ஜெர்மன் உடற்கூறியலாளர் குப்ஃபர் இவற்றை 1876-இல் பார்த்து எழுதினார். என்ன செல் என்பதில் தப்பு செய்தார். விழுங்கு செல் என்று 1898-இல் சரியாகச் சொன்னவர் போலந்துக்காரர் ப்ரோவிச். பெயர் என்னவோ குப்ஃபருக்கே நின்றுவிட்டது.

"குப்ஃபர் மட்டும்தானா, வேறு யாரும் இல்லையா?" (தேவிபட்டினம், கல்லூரி மாணவி)

இருக்கிறார்கள்மா. அந்த நுண்குழாயின் சுவர்ச் செல்களே வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். உள்ளே வந்த அந்நியப் புரதத்தை அவை டி செல்லிடம் (அந்நியரைத் தாக்கும் வெள்ளணு வகை) காட்டும்போது, பிடி-எல்1 என்ற மூலக்கூறையும் சேர்த்தே நீட்டுகின்றன. "பார்த்துக்கொள், அடிக்காதே" என்று அதற்கு அர்த்தம். மீறித் துள்ளும் டி செல்களை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அடக்கும். இந்தப் பொறுமைக்கு ஒரு சாட்சி: 1969-இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ராய் கான் (Roy Calne) குழுவினர் பன்றிகளுக்கு வேறு பன்றியின் ஈரலைப் பொருத்தினார்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. சிறுநீரகத்தில் அப்படி நடப்பது அபூர்வம்.

"பி வகை மஞ்சள் காமாலையில் வைரஸ்தானே ஈரலைத் தின்கிறது?" (கீழக்கரை)

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த வைரஸ் ஈரல் செல்லுக்குள் பெருகினாலும் நேரடியாக அதைக் கொல்வதில்லை. வைரஸ் இருக்கும் செல்லை நம் டி செல்கள் தாக்குவதால்தான் சேதம். பெரியவர்களுக்குத் தொற்றினால் சண்டை நடந்து, 100-ல் 95 பேருக்கு மேல் வைரஸைத் துரத்திவிடுகிறார்கள். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் 100-ல் 90 பேருக்கு அது தங்கிவிடும். ஈரலின் பொறுமை வைரஸுக்கு வசதியாகிப்போகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

"கீழாநெல்லி?" (ஏர்வாடி)

பி வகை வைரஸுக்கு நல்ல பலன் என்று 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது.

"எங்க வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். பொறுமையான ஈரல்னா தாங்கிக்கும்ல?" (பாம்பன்)

தாங்காது அக்கா. சாராயம் குடல் சுவரைத் தளர்த்திவிடும். துணுக்குகள் அளவுக்கு மீறி வர, அதே குப்ஃபர் செல்கள் டிஎன்எஃப் என்ற வீக்கம் தூண்டும் புரதத்தைச் சுரந்து படையைக் கூப்பிட ஆரம்பிக்கும். வைட்டமின் ஏ சேமித்துக்கொண்டு சும்மா இருந்த நட்சத்திர செல்கள் நார் பின்னத் தொடங்கும். அந்த நார் முற்றி ஈரல் இறுகிச் சுருங்கினால் அதுதான் சிரோசிஸ்.

"ஈரல் சுருங்கியிருக்குன்னு சொன்னாங்க. பாசி எடுக்கக் கடல்ல இறங்கலாமா?" (சின்னப்பாலம்)

உங்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்காதீர்கள் அம்மா. விரலில் துணி சுற்றி இறங்கினாலும் பாறை கீறத்தான் செய்யும். வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா வாழும். நல்ல ஈரல் உள்ளவருக்கு அது பெரும்பாலும் காயத்தோடு நின்றுவிடும். சிரோசிஸில் ரத்தத்தில் ஒரு பகுதி குப்ஃபர் செல்களைத் தொடாமல் சுற்றுவழியில் போய்விடுவதால், கிருமி உடம்பு முழுக்கப் பரவும். பச்சைச் சிப்பியும் வேண்டாம். காயம் பட்ட இடத்தில் வீக்கம், கொப்புளம், கூடவே காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் "எனக்கு ஈரல் நோய், கடல் தண்ணி பட்ட காயம்" என்ற இரண்டையும் சொல்லுங்கள்.