சோற்றை விட்டும் எடை ஏறுவது ஏன்?

கேள்வி: ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன். காலையில் வெறும் காபி. இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைந்தது. இப்போது அத்தனையும் திரும்ப ஏறிவிட்டது. எங்கே தவறு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தவறு சோற்றில் இல்லை. 100 கிராம் அரிசியானாலும் கோதுமை மாவானாலும் 320 முதல் 350 கலோரிதான். மூன்று சப்பாத்திக்கு 90 கிராம் மாவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் அதுவே 135 கலோரி. ஆக 430 தாண்டுகிறது, குருமாவைச் சேர்க்காமலே! 50 கிராம் அரிசியை வடித்த சோறு 175தான். கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் அந்த நன்மையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

பட்டினியில் வேகமாக இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் நீரும் போகின்றன. உடம்பு இளைத்ததும் அதன் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. அப்போது பழைய அளவுக்குத் திரும்பினால் ஏறத்தான் செய்யும். வாரம் அரை கிலோ குறைந்தால் போதும்.

முதலில் அரிசியை அளந்து போடுங்கள். ஓர் ஆழாக்கு, அதாவது சுமார் 140 கிராம், மூன்று பேருக்கு ஒரு வேளைக்குச் சரி. தட்டில் பாதி பொரியல், கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது குழம்பு மீன். சாம்பாரின் மேல் தெளிவை ஊற்றிக்கொண்டால் பருப்புக் கணக்கில் சேராது. கரண்டியை அடிவரை விட்டு எடுங்கள். காயிலும் சுண்டலிலும் பாதியைத் தின்ற பிறகு சோற்றைப் பிசைந்தால் மறுசோறு கேட்கத் தோன்றாது. காலையில் 2 இட்லியும் ஒரு முட்டையும் கட்டாயம். மாலை மிக்சர் டப்பாவைத் தேட வைப்பது காலைப் பட்டினிதான்.

எண்ணெய் தலைக்கு மாதம் அரை லிட்டர். ஒன்றாம் தேதியே அளந்து தனி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். 20ஆம் தேதிக்குள் தீர்ந்தால் தோசைக்கல்லையும் அப்பளச் சட்டியையும் கவனியுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம். மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

கேள்வி: வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கரையாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது. வெந்நீரை மட்டும் குடியுங்கள்.